வோல்ட்டைத் திருகும் முன் ஓமைப் பாருங்கள்

சென்ற இதழில் மின்-சிகரெட் சார்ஜர் சூடாவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதே திசைதான்: வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் மின்-சிகரெட் கருவி வாங்கலாமா, எதை வாங்கலாம், வாங்கியது ஏன் கருகுகிறது. சரி, ஸ்பீக்கரும் ரேடியோவும் அடுத்த மாதம் வரட்டும். இந்த மாதம் இதையே எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: சார், வயது 48. பல வருடமாகப் புகைக்கிறேன். நிகோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை இரண்டும் பார்த்தாயிற்று, நிற்கவில்லை. டாக்டரிடம் பேசிவிட்டு மின்-சிகரெட்டுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். கடைக்காரர் மூன்று கருவி காட்டுகிறார். ஒன்று, பட்டன் மட்டும் உள்ள பேனா. இரண்டாவது, அடியில் திருகு வைத்து 3.3 முதல் 4.8 வோல்ட் வரை போகிற பேனா. மூன்றாவது, திரை வைத்த பெட்டி, 6 வோல்ட் வரை போகுமாம். “6 வோல்ட்டை வாங்குங்க, பின்னாடி வருத்தப்பட மாட்டீங்க” என்கிறார். வாங்கவா?

பதில்: கடைக்கு மறுபடி போகும் முன், நீங்கள் இருக்கும் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சில நாடுகளில் விற்பனைக்குத் தடை, சில நாடுகளில் கையில் வைத்திருந்தாலே குற்றம், சில நாடுகளில் மருத்துவர்களே சிபாரிசு செய்கிறார்கள். இந்தப் பகுதியில் நான் கருவியைப் பற்றி மட்டும்தான் பேச முடியும்.

உங்களுக்கு இரண்டாவது போதும். 6 வோல்ட் என்பது பெட்டிமேல் அச்சடிக்க நன்றாக இருக்கும் எண். உங்கள் வாய்க்கு அது வரப்போவதே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். டேங்கில் உள்ள நிகோடின் திரவத்தைத் திரி உறிஞ்சும், காயில் என்கிற கம்பிச்சுருள் அதைச் சூடாக்கி ஆவியாக்கும்; அந்தக் கம்பியின் மின்தடையைத்தான் ஓமில் சொல்கிறோம். திரவத்தைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, வாட். வாட் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது வோல்ட்டும் காயிலின் ஓமும் சேர்ந்து. கணக்கு எளிது: வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட். 1.8 ஓம் காயிலில் 3.3 வோல்ட் வைத்தால் 6 வாட். 4.2 வைத்தால் 9.8. 4.8 வைத்தால் 12.8. 6 வோல்ட் வைத்தால் 20 வாட். பேனாவுக்கு வருகிற சின்ன டேங்கில், திரி மெலிதாக உள்ள 1.8 ஓம் காயில் பத்து வாட்டைத் தாண்டும்போதே திணற ஆரம்பிக்கும். இருபதில் திரி கருகித்தான் போகும். அப்படியிருக்க அந்த 6 எதற்கு?

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. அதே டேங்கில் 2.4 ஓம் காயில் போட்டால் 4.8 வோல்ட்டில் 9.6 வாட்தான் வரும். அதாவது 1.8 ஓம் வைத்திருப்பவர் 4.2-ல் இழுக்கிறார், 2.4 ஓம் வைத்திருப்பவர் 4.8-ல் இழுக்கிறார், இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சூடு. “நான் 4.8-ல் வைத்திருக்கிறேன், சூப்பராக இருக்கிறது, நீயும் வை” என்று நண்பர் சொன்னால், முதலில் அவருடைய காயில் எத்தனை ஓம் என்று கேளுங்கள். அதைச் சொல்லாமல் வோல்ட்டை மட்டும் சொல்பவரின் அறிவுரைக்கு மதிப்பில்லை. எனவே முதலில் காயிலும் டேங்கும், அப்புறம்தான் கருவி. கடைகளில் இதைத் தலைகீழாகத்தான் விற்கிறார்கள்.

அப்படியானால் பட்டன் மட்டும் உள்ள முதல் பேனா போதாதா என்பீர்கள். போதாது. அந்த மாதிரிப் பேனாக்களில் பல, பேட்டரி தருவதை அப்படியே காயிலுக்குத் தள்ளிவிடும். லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட். தீர்ந்துபோகிற நேரத்தில் 3.3 பக்கம் வந்துவிடும். 2 ஓம் காயிலில் இது 8.8 வாட்டிலிருந்து 5.4 வாட்டுக்கு இறங்குவது. காலையில் தொண்டையில் தட்டும், சாயங்காலம் வெறும் காற்று. வேலை முடிந்து சிகரெட்டுக்குக் கை போகிற நேரம் சாயங்காலம்தான். அந்த நேரம் பார்த்துக் கருவி சோர்ந்தால் ஆள் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பிவிடுவார். மாற முயன்று பழையபடி சிகரெட்டுக்கே போனவர்கள் என்னிடம் ரிப்பேருக்குக் கொண்டுவந்த கருவிகளில் நிறையவற்றில் பழுதே இல்லை. இதுதான் கதை. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கருவியின் உண்மையான லாபம் அதிகம் தருவது அல்ல, பேட்டரி இறங்கினாலும் வைத்த இடத்தில் நிற்பது.

வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்ட் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா? பேட்டரியே 4.2 தான் என்னும்போது 4.8 வானத்திலிருந்து வராது. பூஸ்ட் இல்லாத கருவியில் திருகு 4.8-ல் போய் நிற்கும், வருவது 4.2-க்கும் கீழே. இரண்டாவது, கீழ்ப்பக்கம் எதுவரை இறங்குகிறது? எல்லோரும் மேல் எண்ணைப் பார்க்கிறார்கள், நான் கீழ் எண்ணைத்தான் பார்ப்பேன். 3.3 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் நல்லது. புதுக் காயில், கெட்டியான திரவம், புதுப் பழக்கம், மூன்றுக்கும் கீழிருந்து தொடங்குவதுதான் சரி.

திரவத்தையும் கவனியுங்கள். அது பெரும்பாலும் இரண்டு பொருள்களின் கலவை. புரொப்பிலீன் கிளைக்கால் மெல்லியது, 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், திரியில் சட்டென்று ஏறும். கிளிசரின் கெட்டி, கொதிநிலை 290, மெதுவாகத்தான் ஏறும். கிளிசரின் அதிகமுள்ள பாட்டிலை வாங்கிச் சின்னக் காயிலில் ஊற்றிவிட்டு, ஆவி போதவில்லை என்று வோல்ட்டை ஏற்றுவது பலர் செய்வது. திரவம் வந்து சேரும் முன்பே திரி காய்ந்துவிடும். அதற்கு மருந்து மெல்லிய திரவம், அல்லது இழுப்புக்கு இழுப்பு கொஞ்சம் இடைவெளி. புதுக் காயில் போட்டால் டேங்கை நிரப்பிப் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். அப்புறம் 3.3-ல் தொடங்கி, ஒரு நேரத்தில் 0.1 அல்லது 0.2 மட்டும் ஏற்றுங்கள். ருசி நன்றாக இருந்து அடுத்த படியில் லேசாகக் காந்தினால், முந்தைய படிதான் உங்கள் இடம். அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நானும் என் நண்பரும் ஒரே டேங்க், ஒரே 2 ஓம் காயில், ஒரே பாட்டில் திரவம். அவருடைய கருவியில் 3.7 வோல்ட் அருமை. என்னுடையதில் அதே 3.7-ல் கருகல் வாடை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.7 தான் காட்டுகிறது. கருவி பொய் சொல்கிறதா, மீட்டர் பொய் சொல்கிறதா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் உட்கார்ந்து எழுதலாம். இரண்டும் பொய் சொல்லவில்லை. உங்கள் கருவி 3.7 வோல்ட்டை ஒரே சீராகத் தரவில்லை, விட்டுவிட்டுத் தருகிறது.

இப்படி ஒரு கருவியை மேசையில், மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியில் மாட்டிப் பாருங்கள். நேர்க்கோடு வராது, கோட்டைச் சுவர் மாதிரிக் கட்டம் கட்டமாக வரும். மேலே 6 வோல்ட், கீழே பூஜ்யம், மறுபடி 6, மறுபடி பூஜ்யம். நான் பார்த்த பழைய வகைகளில் விநாடிக்கு 33 தடவை இப்படி அடிக்கும். காதருகே வைத்துப் பட்டனை அழுத்தினால் ‘கிர்ர்’ என்று ஒரு நடுக்கம் கேட்கும். நண்பருடையதில் அது கேட்காது.

டிசி-யில் வைத்த மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும். 6 வோல்ட்டை மொத்த நேரத்தில் 62 சதவீதம் தந்து மீதி நேரம் நிறுத்தினால் சராசரி 3.7. ஆனால் காயில் சராசரியால் சூடாவதில்லை. சூடு வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்குகிற கணக்கில் போகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் கணக்கில் போட்டால், சூட்டைப் பொறுத்தவரை உங்கள் காயிலுக்குக் கிடைப்பது 4.7 வோல்ட்டுக்குச் சமம். 2 ஓமில் அது 11 வாட். நண்பருக்கு 6.8 வாட். கருகாமல் என்ன செய்யும்? நாள் முழுக்கத் தூறினாலும் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தாலும் மழைமானியில் ஒரே அளவு நிற்கலாம், கூரைக்குத் தெரியும் வித்தியாசம்.

மீட்டர் காட்டுகிற 3.7-க்குச் சராசரி என்று பெயர், சூட்டுக் கணக்கில் வருகிற 4.7-க்கு ஆர்எம்எஸ் என்று பெயர். சில பெட்டிகளின் மெனுவில் இரண்டில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கவே வசதி இருக்கும். உங்களுடையதில் இருந்தால் ஆர்எம்எஸ்-க்கு மாற்றுங்கள், நண்பரின் 3.7-ம் உங்கள் 3.7-ம் ஒன்றாகிவிடும். இல்லாவிட்டால் திரையில் உள்ள எண்ணை மறந்துவிட்டு, போகிற மட்டும் கீழே இறக்கிப் பாருங்கள். கடைசிப் படியிலும் காந்தினால் 2.4 அல்லது 2.8 ஓம் காயிலுக்கு மாறுங்கள். கருவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் இனி வாங்குபவர்கள் ‘கிர்ர்’ கேட்கிற கருவியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். சீரான மின்சாரம் தருபவை இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: வோல்ட் மாற்றும் கருவியா, வாட் மாற்றும் கருவியா?

பதில்: கைக்கு எட்டினால் வாட். கருவியே காயிலின் ஓமை அளந்து, நீங்கள் கேட்ட வாட்டுக்கு எத்தனை வோல்ட் வேண்டுமோ அதைக் கொடுத்துவிடும். காயில் மேல் 1.8 என்று எழுதியிருப்பதை நம்ப முடியாது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்ததில் ஒன்று 1.6 இருக்கும், இன்னொன்று 2.1 இருக்கும். 4 வோல்ட்டில் முதலாவது 10 வாட், இரண்டாவது 7.6 வாட். வோல்ட் கருவி வைத்திருப்பவர் ஒவ்வொரு காயிலுக்கும் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். வாட் கருவியில் 8 என்று வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். திரையில் ஓம் தெரிவதும் பெரிய வசதி, காயில் ஷார்ட் ஆனால் எண் திடீரென்று விழும்.

கேள்வி: ஐயா, என் கணவர் சிகரெட்டை விடுவதற்காக இந்தக் கருவியை வாங்கினார். இப்போது 5 வோல்ட்டில் வைத்து இழுக்கிறார், இரண்டு சிகரெட்டும் பிடிக்கிறார். வோல்ட் கூடினால் பார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வரும் என்று படித்தேன். சொன்னால் “அதெல்லாம் கட்டுக்கதை” என்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: கட்டுக்கதை இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள் அம்மா. ஆனால் முழுக்கதையையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதியைப் பிடித்துக்கொண்டு வாதம் செய்வார்.

2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அமெரிக்க வேதியியலாளர்களின் கடிதம் ஒன்று வந்தது. வோல்ட் மாற்றும் கருவி ஒன்றை இயந்திரத்தில் பொருத்தி இழுக்கவிட்டார்கள். 3.3 வோல்ட்டில் பார்மால்டிஹைடை வெளிவிடும் பொருள்கள் எதுவும் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் பத்து இழுப்புக்குச் சராசரியாக 380 மைக்ரோகிராம் வந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு வேறு ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள்: அந்த அளவுக்குக் கூட்டினால் திரி காய்ந்து கருகும், மனிதன் எவனும் அந்த இழுப்பை விழுங்க மாட்டான், இயந்திரத்துக்கு நாக்கு இல்லை என்பதால் இழுத்துவிட்டது, கருகாத இழுப்பில் இந்த வாயுக்கள் மிகக் குறைவு என்று.

என்னைக் கேட்டால் இரு தரப்பும் சொல்வது ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. கருகினால் விஷம். உங்கள் கணவரின் காயில் எத்தனை ஓம் என்று நீங்கள் எழுதவில்லை. 2.8 ஓம் என்றால் 5 வோல்ட்டில் 9 வாட், அது சாதாரணம். 1.5 ஓம் என்றால் 16.7 வாட், சின்ன டேங்கில் அது திரியை வறுக்கும் வேலை. காயிலின் அடிப்பாகத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். எப்படியும் 3.5 பக்கம் இறக்கச் சொல்லுங்கள். ஆவி குறைந்தால் தொண்டைக்குப் போதவில்லை என்பார். அப்படிச் சொன்னால் திரவத்தில் நிகோடின் போதவில்லை என்று அர்த்தம். நிகோடினைக் குறைவாக வாங்கிவிட்டு, அந்தக் குறையை வோல்ட்டால் ஈடுகட்டுபவர்கள் ஏராளம். அளவை டாக்டரிடம் கேட்டுச் சரிசெய்தால் வோல்ட் தானாக இறங்கும்.

அந்த இரண்டு சிகரெட் எனக்கு வோல்ட்டைவிடப் பெரிய கவலை. 2022-ல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, ஒட்டுப்பட்டை, சூயிங்கம் வகைகளைவிட நிகோடின் உள்ள மின்-சிகரெட் அதிகம் பேரைச் சிகரெட்டிலிருந்து விடுவிக்கிறது என்று சொல்கிறது. விடுவிக்கிறது என்பதுதான் அதில் முக்கியம். இதையும் இழுத்து அதையும் இழுத்தால் நாள் முழுக்க இரண்டு கடையிலும் கணக்கு வைத்ததுதான் மிச்சம். இரண்டிலிருந்து பூஜ்யத்துக்குத் தேதி ஒன்று குறிக்கச் சொல்லுங்கள்.

குழந்தை விஷயம் அவசரம். அந்தத் திரவம் பழ வாசனையோடு இருக்கும், உள்ளே இருப்பது நிகோடின். கொஞ்சம் விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. தோல் வழியாகவும் உடலில் ஏறும். பாட்டில், டேங்க் வைத்த கருவி, கழற்றிப்போட்ட பழைய காயில், மூன்றும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். தலையணைக்கடியில் கருவியை வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. சிகரெட் பழக்கம் இல்லை. மேகம் மாதிரி ஆவி விட ஆசை. எத்தனை வோல்ட் கருவி வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. சிகரெட் பிடிக்காதவருக்கு இதில் கிடைப்பது நிகோடின் அடிமைத்தனம் மட்டும்தான். பல வருடம் இழுத்தால் நுரையீரல் என்னவாகும் என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் தெளிவான விடை இல்லை. அந்தச் சோதனைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

கேள்வி: கழற்றி மாட்டும் 18650 பேட்டரி உள்ள பெட்டி வைத்திருக்கிறேன். பழைய பேட்டரி போய்விட்டது. புதிதாக வாங்கியதில் கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது, பழையது 2500 தான். நல்லதுதானே?

பதில்: திருப்பிக் கொடுங்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள அந்த உருளைக்குள் 9900 அடங்காது. நல்ல கம்பெனிகள் பெரும்பாலும் 2000-க்கும் 3500-க்கும் இடையில்தான் தருகின்றன. ஒரு எண்ணில் இவ்வளவு துணிந்து பொய் சொன்னவர், உங்களுக்கு நிஜமாக வேண்டிய இன்னொரு எண்ணில் உண்மை சொல்லியிருப்பார் என்று எதிர்பார்க்கவே முடியாது. அந்த இன்னொரு எண், தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது. 15 வாட்டில் இழுக்கும்போது, இறங்கிய பேட்டரியிலிருந்து கருவி ஐந்து ஆம்பியர் உறிஞ்சும். பூஸ்ட் சர்க்யூட் மேலே அதிகம் தர வேண்டுமென்றால் கீழே அதிகம் இழுத்துத்தானே ஆக வேண்டும்? கொள்ளளவு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆம்பியர் அதிகம் தாங்குகிறதை வாங்குங்கள்.

மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையையும் அவ்வப்போது பாருங்கள். அந்த உருளையின் உடம்பு முழுக்க மைனஸ்தான். பிளஸ் முனைக்குப் பக்கத்தில் உறை கிழிந்தால் உலோகம் பட்டு ஷார்ட் ஆகும். தனிப் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போடாதீர்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பா விற்கிறார்கள், அதில் வையுங்கள். தொடையில் தீக்காயம் பட்டவர்களின் கதைகளில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து இருக்கும்.

கேள்வி: நண்பர் 0.5 ஓம் காயில் உள்ள டேங்க் கொடுத்தார். என்னுடைய திருகு பேனாவில் மாட்டலாமா? மரை சரியாகப் பொருந்துகிறது.

பதில்: மரை பொருந்தும். 510 என்பது ஏறக்குறைய எல்லோரும் வைக்கும் பொது மரை. ஆனால் 0.5 ஓம் 3.7 வோல்ட்டில் 27 வாட் கேட்கும், ஏழு ஆம்பியருக்கு மேல். உங்கள் பேனா நல்லதாக இருந்தால் விளக்கைச் சிமிட்டி மறுத்துவிடும். மலிவாக இருந்தால் மறுக்காது, அதுதான் பயம். மாட்ட வேண்டாம்.

கேள்வி: கருவி நேற்று வரை நன்றாக இருந்தது. இன்று பட்டனை அழுத்தினால் டேங்கே இல்லை என்பது போலக் காட்டுகிறது. புதுசு வாங்க வேண்டுமா?

பதில்: தொண்ணூறு சதவீதம் வேண்டாம். டேங்கை இறுக்கித் திருகியிருப்பீர்கள். மரையின் நடுவில் உள்ள சின்னப் பித்தளைப் பின் கீழே அமுங்கிவிட்டது, டேங்கின் அடி அதைத் தொடவில்லை. பட்டனை ஐந்து தடவை வேகமாக அழுத்திக் கருவியை அணைத்துவிடுங்கள் (பெரும்பாலான கருவிகளில் இதுதான் வழி), கழற்றும் பேட்டரி என்றால் எடுத்தே விடுங்கள். மரைக்குள் ஒழுகியிருக்கும் திரவத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் பின்னை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே நெம்புங்கள். ஊசி வேண்டாம், மரையையும் பின்னையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட். மறுபடி மாட்டும்போது விரல் நுனியால் திருகி, அது நிற்கிற இடத்தில் விட்டுவிடுங்கள். அப்படியும் காட்டாவிட்டால் காயிலை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே பின்னுக்கு வரும் வயர் விட்டிருக்கும், சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.